பொன்னும் பிளாற்றினமும் – மைக்கேல் பரடேயின் வரலாற்றில் ஒரு பகுதி

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதிய கடிதம் கதிரவெளிக்கு வந்து சேர்ந்த நாளில், நாம் ஒரு கண்ணாடித் தட்டிலே உப்பு விளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறாக அது அமைதல் நன்று என்றும் கடிதத்திற் கண்டிருந்தது. கல்லூரியை வளர்த்தோரைப் பற்றியும், நம் நாட்டுச் சான்றோரைப் பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். இரசாயனம் படித்து, இரசாயனமே படிப்பித்து ஓய்ந்த நமக்கு நெருங்கிய பழக்கமுள்ள பெரியார் மிகச் சிலரே. அவருள் மைக்கேல் பரடேயைத் தேர்ந்தோம். அவரை அறியாத மாணவர் இலர். காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் பிறப்பித்தவர் என்று எல்லாப் பாடநூல்களும் கூறும். அவர் பொன்னோடும் பிளாற்றினத்தோடும் செய்தவற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அக்குறையை இங்கே சிறிது நிரப்ப எண்ணுகின்றோம்.

அதற்குமுன் அந்தக் கண்ணாடித் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கதிரவெளி, வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே கடலை அடுத்துக் கிடக்கும் ஊர். வெயில் முற்றிய மாதங்களில் கரையோரப் பள்ளங்களிலே தேங்கிய நீர் வற்றி, ஓரங்களில் உப்புப் பூக்கும். அவ்வுப்பை ஒரு கைவில்லையின் கீழ் வைத்துப் பார்த்தால் சிறு சிறு சதுரக் கட்டிகள் தெரியும். ஆனால் அதே உப்புக் கரைசலில், வயலுக்கு இடும் யூரியாவைத் தாராளமாகக் கரைத்து மெல்ல ஆவியாக விட்டால், விளைவது சதுரக் கட்டியன்று. இரண்டு கூர்நுதிக் கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியதுபோன்ற எண்முகிகள் விளையும். உப்பு ஒன்றே, உருவம் வேறு. 1783ஆம் ஆண்டளவிலேயே ஐரோப்பியர் இதனைக் கண்டிருந்தனர். காரணமும் எளிது. யூரியா, வளரும் பளிங்கின் சில முகங்களிலே தங்கி, அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றது. விரைந்து வளரும் முகம் தன்னைத்தானே ஒழித்துக்கொள்ளும். மெல்ல வளரும் முகமே இறுதியில் எஞ்சி நிற்கும். இந்தச் சிறு விளையாட்டை நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டாகக் காட்டி வந்துள்ளோம். பரடேயின் வரலாற்றோடு இது பொருந்தும் இடம் பின்னர் வரும்.

பரடே 1791ஆம் ஆண்டு செத்தெம்பர் 22ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென்பாகத்தே நியூவிங்ரன் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் கொல்லர், நோயாளி. வேலை செய்த நாளினும் படுத்திருந்த நாள் மிகுதி. தானிய விலை ஏறிய ஒரு காலத்திலே, ஒரு கிழமைக்கென ஒரேயொரு பாண் சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டதாம். எழுத்தும் எண்ணும் சிறிது கற்றதோடு பள்ளி முடிந்தது. பதின்மூன்று வயதில் றீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவல் செய்யப் புகுந்து, அடுத்த ஆண்டு முதல் ஏழாண்டு புத்தகம் கட்டும் தொழில் பயின்றார்.

கட்ட வந்த புத்தகங்களை இளைஞர் கட்டியதோடு விடவில்லை, பிரித்துப் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவர் கையிற் பட்டது. மாசெற் அம்மையார் இளையோர்க்கென எழுதிய இரசாயன உரையாடல் நூலும் அவ்வாறே. அதிலே கூறப்பட்டவை உண்மைதானா என்று, கையிலிருந்த சில பென்சுகளைச் செலவிட்டுத் தாமே சோதித்துப் பார்த்தார் என்பதை நாம் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். எழுதியதை நம்புமுன் செய்து பார்க்கும் அப்பழக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. மாலை நேரச் சொற்பொழிவுகளுக்குச் செல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிங் வேண்டும். அதனைக் கொடுத்தவர் கொல்லத் தொழில் செய்துவந்த தமையனார்.

1812இல் கடைக்கு வந்துபோகும் ஒருவர், றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் அறிவியல் நிலையத்திலே சேர் ஹம்பிரி டேவி ஆற்றும் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட பரடே, குறிப்புகளை விரித்தெழுதிப் படமும் வரைந்து, தம் கையாலேயே அழகுறக் கட்டி டேவிக்கு அனுப்பினார். சில மாதத்தின் பின் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதனால் நீக்கப்பட, 1813 மார்ச்சு முதலாம் நாள் அவ்விடம் பரடேக்குக் கிடைத்தது. கிழமைக்கு இருபத்தைந்து சிலிங். மேன்மாடியில் இரண்டு அறை. அன்று புகுந்த கட்டடத்தை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் தம் வாழ்விடமாகக் கொண்டார்.

டேவியாரோடு அவர் ஐரோப்பா சுற்றியதும், அப்பயணத்திலே டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தியதும், பின்னர் 1824இல் றோயல் சங்கத்து உறுப்பினராகப் பரடே தெரிவுசெய்யப்படுகையில் டேவியே அதனை எதிர்த்ததும் எல்லா வரலாறுகளிலும் விரிவாக உள்ளன. ஆதலின் அவற்றைக் கடந்து செல்வோம்.

நமக்கு வேண்டியது டேவியின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த வேறொன்று. சுரங்கத் தொழிலாளர்க்குக் காப்பு விளக்கு அமைத்த டேவி, 1817இல் ஒரு புதுமையை அறிவித்தார். எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையிலே சூடான பிளாற்றினக் கம்பியைப் பிடித்தால், சுவாலை எதுவுமின்றிக் கம்பி செந்தணலாய் ஒளிர்ந்துகொண்டேயிருக்கும். வாயு எரிகின்றது, பிளாற்றினம் எரியவில்லை, குறையவுமில்லை. 1823இல் யேனா நகரத்து டோபரைனர் இன்னொரு படி சென்றார். கடற்பஞ்சுபோல நுண்ணியதாகப் பிரிந்த பிளாற்றினத்தின்மீது ஐதரசனைப் பாய்ச்சினால், சூடாக்காமலே தீப்பற்றியது. தீக்குச்சி இல்லாத அக்காலத்தில் அதனைக்கொண்டு ஒரு விளக்கே செய்து விற்றனர். இச்செய்தி இலண்டனுக்கு எட்டியதும் பரடே அதனைத் தாமும் செய்து பார்த்துச் சிறு குறிப்பொன்று வெளியிட்டார். அப்பால் பத்தாண்டு அவர் அதனைத் தொடவில்லை.

அப்பத்தாண்டிலே அவர் செய்தவை சொல்லி மாளா. 1825இல், எண்ணெயிலிருந்து வடித்த விளக்குவாயுவை அமுக்கியபோது எஞ்சிய திரவத்திலிருந்து புதியதொரு பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று பென்சீன் எனப்படுவது அதுவே. வாசகர் இதனை மனத்திற் கொள்க, மீண்டும் வரும். 1831 ஓகத்து 29ஆம் நாள் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். அடுத்து மின்பகுப்பு விதிகளை நிறுவினார். அவ்வேலைக்கு வேண்டிய சொற்களைத் தாமே துணிந்து ஆக்காமல், மொழிவல்ல வியூவெல் என்பாரைக் கேட்டுப் பெற்றார். அயன், அனோட்டு, கதோட்டு என்பன அவ்வாறு பிறந்தன. சொல்லுக்காக அறிவியலார் மொழிப்புலவரிடம் செல்வது நம்மவர்க்கும் புதிதன்று. இரசாயன ஆசிரியராயிருந்து துறவு பூண்ட நம் மட்டக்களப்பு நாட்டுச் சுவாமி விபுலானந்தர், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். புலமையும் இரசாயனமும் அவரிடம் ஒருங்கே இருந்தமையால் அவருக்கு வேறொருவரைத் தேடிச் செல்லும் தேவையிருக்கவில்லை.

மின்பகுப்புச் சோதனையிலேதான் நம் பொருள் மீண்டும் தலைகாட்டியது. நீரை மின்னாற் பகுத்து, பிறக்கும் ஐதரசனையும் ஒட்சிசனையும் ஒரே குழாயிற் சேர்த்து அளந்துகொண்டிருந்தார் பரடே. மின்னோட்டத்தை நிறுத்திய பின் குழாயிலிருந்த வாயுவின் கனவளவு சிறிது சிறிதாகக் குறைந்தது. அளவையிலே பிழை என்று கொண்டு அதனை ஒதுக்கிவிடலாம். நம்மிற் பலர் அவ்வாறே செய்திருப்போம். அவர் ஒதுக்கவில்லை. குழாயினுள் நின்ற பிளாற்றினத் தகடுகளே, பிரிந்த இரண்டு வாயுக்களையும் மீண்டும் நீராகக் கூட்டுகின்றன என்று கண்டார். நேர்மின்வாயாக இருந்த தகட்டுக்கு அவ்வாற்றல் மிகுதி. சில வேளை தகடு சூடேறிச் செந்தணலாகி வாயுக்கள் வெடிக்கவும் செய்தன.

இந்த ஆற்றலுக்குக் காரணம் யாது? மின்சாரமன்று; வேறு விசேட நிலையுமன்று; தகட்டின் மேற்பரப்பு மாசற்றிருத்தலே காரணம் என்று 1834இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி வரிசையின் ஆறாம் பகுதியிலே நிறுவினார். அமிலத்தால் துப்புரவாக்கினும், தேய்த்து மினுக்கினும் அவ்வாற்றல் வரும். காற்றிலே திறந்து வைத்தால் நாளடைவிற் போகும். எதிலீன், காபனோரொட்சைட்டு ஆகிய வாயுக்கள் சிறிது கலந்தாலும் தகடு மந்தமாகும். வாயுக்கள் உலோகத்தின் மேற்பரப்பிலே வந்து படிந்து செறிகின்றன, அச்செறிவினாலேயே கூடுகின்றன என்பது அவர் கொண்ட முடிபு. இவ்வகைச் செயலுக்கு ஒரு பொதுப்பெயர் இட்டவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு, அது 1835இல். நாம் ஊக்கல் என்கின்றோம். பெயர் பிறக்குமுன்னரே, செயல் நிகழும் இடம் உலோகத்தின் மேற்பரப்பு என்று பரடே சொல்லிவிட்டார்.

1839ஆம் ஆண்டின் முடிவிலே அவர் உடல்நலம் குலைந்தது. தலைச்சுற்றும் மறதியும் வந்தன. முதல்நாட் செய்தது மறுநாள் நினைவில் இராது. செய்த சோதனை ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு நாட்குறிப்பில் எழுதும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. இப்போது அதுவே ஊன்றுகோலாயிற்று. அவ்விலக்கங்கள் இறுதியிற் பதினாறாயிரத்தையும் தாண்டின. இந்நிலையிலும் 1845இல் ஒளியின்மீது காந்தத்தின் வலிமையைக் கண்டார் என்றால் அவர் மனவுறுதியை என்னென்பது!

1856ஆம் ஆண்டு முழுவதும் பொன்னுக்கே சென்றது. வயது அறுபத்தைந்தை நெருங்கியது. ஒளியின் அலையிலும் மிகச் சிறிய பொருளொன்றை ஒளியின் வழியில் வைத்தால் ஒளி என்ன ஆகும் என்பதே அவர் கேள்வி. பொன் அதற்கு ஏற்றதெனக் கண்டார். ஏனெனில் பொன்னைப்போல மெலியத் தட்டக்கூடிய உலோகம் வேறில்லை. பொற்கொல்லர் தட்டிய பொற்றகட்டின் தடிப்பு அங்குலத்தில் ஏறக்குறைய 2,80,000இல் ஒரு பங்கு. அதனூடே பார்த்தால் உலகம் பச்சையாகத் தெரியும். தகட்டை மெல்லச் சூடாக்கினால் பச்சை மறையும். அகேற்றுக் கல்லால் அழுத்தித் தேய்த்தால் மீண்டும் வரும். தட்டியது போதாதென்று, பொற்குளோரைட்டின் மெலிந்த கரைசலின்மேல் பொசுபரசுத் துணுக்கை மிதக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பொற்படலத்தையும் பெற்றார்.

படலத்தை எடுத்த பின் எஞ்சிய நீர் அழகிய மாணிக்கச் சிவப்பாயிருந்தது. கழுவிய நீரென்று கொட்டிவிடக்கூடியது அது. பரடே அதனைக் குப்பியிலே வைத்தார். சூரிய ஒளியை வில்லையாற் குவித்து அதனூடே செலுத்தியபோது, நீரினுள்ளே பொன்னிறக் கூம்பொன்று ஒளிர்ந்தது. தூய கரைசலில் அவ்வாறு தோன்றாது. ஆகவே பொன் நீரிலே கரைந்து நிற்கவில்லை. அக்காலத்துச் சிறந்த நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாத நுண்டுணிக்கைகளாய் மிதக்கின்றது என்று முடிவு செய்தார். சிறிது உப்பு இட்டால் சிவப்பு நீலமாகிப் பொன் அடியில் இறங்கும். அதாவது துணிக்கைகள் கூடிப் பெருத்தன. முன்கூட்டியே சிறிது செலற்றின் கலந்து வைத்தால் உப்பு இட்டும் சிவப்பு மாறாது. கண்ணாடிப் பாத்திரம் எள்ளளவும் மாசின்றி இருத்தல் வேண்டும் என்பதையும் பன்முறை வற்புறுத்தினார். 1834இல் பிளாற்றினம் கற்பித்த பாடத்தைப் பொன்னும் கற்பித்தது.

1857 பெப்புருவரி 5ஆம் நாள் இவற்றை றோயல் சங்கத்தின் முன் பேருரையாகக் கூறினார். தேடிய விடை கிடைக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. பொன்னின் நிறம் துணிக்கையின் அளவோடு மாறுகின்றது என்று காட்டினார். ஏன் மாறுகின்றது என்று சொல்ல இயலவில்லை. அதனை 1908இல் மீ என்னும் செருமானியர் கணக்கிட்டு விளக்கினார். பிற்காலத்தார் பரடேயின் முறையைத் திரும்பச் செய்து இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே பார்த்தபோது, துணிக்கைகள் ஏறக்குறைய 3 முதல் 30 நானோமீற்றர் வரை இருந்தன. நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. நானோ என்னும் சொல் பத்திரிகைகளில் அடிபடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நானோத்துணிக்கையைக் குப்பியில் அடைத்து வைத்தவர் இவர்.

இனி, நம் மனத்தை நெடுநாள் உறுத்திய இடத்துக்கு வருவோம். அவ்வாண்டு பரடே பொன்னோடு நிற்கவில்லை. வலிய மின்பாய்ச்சலால் பிளாற்றினம் உட்படப் பல உலோகக் கம்பிகளை வெடித்துப் புகைபோன்ற நுண்படிவாக்கிக் கண்ணாடியிலே பிடித்தார். நுண்ணிய பிளாற்றினம் கையிலிருந்தது. பிளாற்றினத்தின் மேற்பரப்பு வாயுக்களைக் கூட்டும் என்று இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் தாமே எழுதிய கட்டுரையும் அலமாரியிலிருந்தது. எனினும் அந்நுண்படிவை ஒளிமுன் பிடித்தாரேயன்றி ஐதரசன்முன் பிடிக்கவில்லை. சிறுத்தலால் நிறம் மாறுமாயின் ஊக்கும் ஆற்றலும் மாறுமோ என்ற கேள்வி பிறக்கவில்லை. மறதியோ, முதுமையோ, ஒளியின்மீதிருந்த தாகமோ என்று நாம் பல காரணம் தேடியதுண்டு. இப்போது அவரிடத்துக் குறை காண்பதை விட்டுவிட்டோம். துணிக்கையைக் காணும் கருவி இல்லாதவரிடம் துணிக்கையின் உருவத்தைப் பற்றிக் கேட்பது முறையன்று.

உருவத்துக்கும் ஊக்கலுக்கும் உள்ள தொடர்பு மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. மேற்பரப்பின் எல்லா இடமும் ஒரே திறத்தன அல்ல, சில இடங்களே செயலுக்கு உரியன என்று 1925இல் ஹியூ ரெயிலர் கூறினார். பின்னர் ஒரே உலோகத்தின் பளிங்கை வெவ்வேறு கோணத்தில் வெட்டி, முகத்துக்கு முகம் ஒப்பிட்டனர். கலிபோணியாவில் சொமோர்யாய் குழுவினர் 1982இல் இரும்பைச் சோதித்தனர். நைதரசனும் ஐதரசனும் அமோனியாவாகக் கூடுவதில், இரும்பின் மிகத் திறந்த முகம் மிக நெருங்கிய முகத்தினும் ஏறக்குறைய 400 மடங்கு விரைந்து தொழிற்பட்டது. நம் வயலுக்கு வரும் யூரியா அமோனியாவிலிருந்து ஆவது. அமோனியா இரும்பு ஊக்கியின் மேல் ஆவது. ஆக, வாகரைப் பகுதி வெள்ளாண்மைக்கும் இரும்பின் முகத்துக்கும் உறவு உண்டு.

ஒரே உலோகத்தின் முகங்கள் இவ்வளவு வேறுபடுவது எவ்வாறு? பிளாற்றினத்தின் உள்ளே கிடக்கும் அணு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு அயலார் உளர். எண்முகி, நான்முகி ஆகியவற்றின் முகங்களிலே அணுக்கள் முக்கோணமாய் நெருங்கிக் கிடக்கும். அங்கே ஓர் அணுவுக்கு ஒன்பது அயலார். சதுரமுகியின் முகத்திலே அணுக்கள் சதுரமாய் நிற்கும்; அங்கே எட்டு. விளிம்பிற் குறைவு, மூலையில் இன்னும் குறைவு. நடுத்தெருவில் உற்றார் சூழ இருப்பவன் வழிப்போக்கனைத் தேடான். ஊர்க்கோடியில் தனித்திருப்பவன் வருபவனைக் கையைப் பிடித்து இருத்துவான். அயலார் குறைந்த அணு வாயுவின் மூலக்கூறை இறுகப் பற்றும். ஆனால் இறுகப் பற்றுவதெல்லாம் நன்மை என்றும் கொள்ளலாகாது. பிடித்ததை விடாத அணு வேலைக்கு உதவாது. அளவோடு பிடித்து, வேலை முடிந்ததும் விடுவதே நல்ல ஊக்கியின் இயல்பு. ஆகவே எந்த உருவம் சிறந்தது என்று பொதுவாகக் கூற முடியாது. எந்தத் தாக்கத்துக்கு எந்த உருவம் என்றே கேட்டல் வேண்டும். துணிக்கை சிறுக்கச் சிறுக்க உள்ளணுக்கள் குறைந்து மேற்பரப்பு அணுக்களின் விகிதம் கூடுதலால், உருவத்தின் செல்வாக்கும் கூடுகின்றது.

வேண்டிய உருவத்திலே துணிக்கையை விளைவிக்கவும் வழி பிறந்தது. 1996இல் அமெரிக்காவின் அற்லான்ரா நகரில் எல்-சயீத் என்பாரும் உடனிருந்தோரும், பிளாற்றினம் நீரிலே உருவாகும்போது ஒரு பல்பகுதியத்தைக் கலந்து, அதன் அளவை மாற்றுவதனாலேயே ஒருமுறை சதுரமுகிகளையும் ஒருமுறை நான்முகிகளையும் மிகுதியாகப் பெற்றனர். சிவந்த பொன்னைக் காக்கப் பரடே இட்ட செலற்றினுக்கு இது உறவு. நம் தட்டிலே உப்பை எண்முகியாக்கிய யூரியாவுக்கும் உறவு. 2004இல் அதே ஆய்வுகூடத்தார் நீர்க்கரைசலில் நிகழும் ஓர் இலத்திரன் மாற்றத் தாக்கத்திலே இவற்றைப் போட்டிக்கு விட்டனர். மூலையும் விளிம்பும் கூர்ந்த நான்முகி முந்தியது, சதுரமுகி பிந்தியது, உருண்டை இடையில் நின்றது. வேலை நடக்க நடக்க நான்முகிகளின் கூர்நுனிகள் மழுங்கிப் போயின என்பதும் அவர்கள் கண்டதே. கூர்மையால் வந்த திறமை அக்கூர்மையையே தின்றுவிடுகின்றது. இதனைத் தடுப்பது இத்துறையினர்க்கு இன்றும் பெருந்தலையிடி. 2007இல் சீனத்தின் சியாமென் நகரத்தார் இருபத்துநான்கு முகமுள்ள பிளாற்றினத் துணிக்கையை ஆக்கினர். எதனோலையும் போமிக்கு அமிலத்தையும் மின்வாயிலே ஒட்சியேற்றுவதில், சம பரப்புக்கு அது வழக்கமான பிளாற்றினத்தினும் நான்கு மடங்குவரை திறன் காட்டியது.

அதே 2007ஆம் ஆண்டு வேறொரு சோதனையும் வெளிவந்தது. நமக்கு மிக உவப்பானது இது. சொமோர்யாயும் கூட்டாளிகளும் 12, 13 நானோமீற்றர் அளவான பிளாற்றினத் துணிக்கைகளை இரண்டு உருவத்தில் ஆக்கினர். ஒன்று சதுரமுகி. மற்றது மூலைகள் வெட்டப்பட்டுச் சதுர முகமும் முக்கோண முகமும் கலந்தது. இரண்டின்மீதும் பென்சீனையும் ஐதரசனையும் செலுத்தினர். சதுரமுகி ஒரே விளைவைத் தந்தது. அது சைக்கிளோ எட்சேன். முகம் கலந்த துணிக்கை அதனோடு, ஐதரசன் முற்றாக ஏறாத சைக்கிளோ எட்சீனையும் தந்தது. விரைவு மாத்திரமன்று, விளையும் பொருளே உருவத்தால் மாறிற்று. 1825இல் பரடே பிரித்த பென்சீன், 1834இல் அவர் ஆராய்ந்த பிளாற்றினம், 1856இல் அவர் கையாண்ட நுண்டுணிக்கை ஆகிய மூன்றும் ஒரே குழாயிற் சந்தித்தன. தனித்தனியே அவர் மேசையில் இருந்தவை கூடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

நம் சொந்தப் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுதல் தகும். பொன் யாதொன்றோடும் சேராத சோம்பேறி உலோகம், ஊக்கலுக்கு உதவாது என்று பல வகுப்புக்குக் கற்பித்தோம். கரும்பலகையில் எழுதியும் காட்டினோம். 1987இலேயே யப்பானில் ஹருத்தா என்பார், 5 நானோமீற்றருக்குக் குறைந்த பொற்றுணிக்கைகள் பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகைக் குளிரிலும் காபனோரொட்சைட்டை எரிக்கும் என்று காட்டியிருந்தார். அச்செய்தி நம் கைக்கு வரப் பல ஆண்டாயிற்று. வந்த பின்னரும், பழைய குறிப்பேட்டைத் திருத்தாது அடுத்த ஆண்டும் அதனையே சொன்னோம். அக்காலத்து மாணவர் எவரேனும் இம்மலரைப் படிப்பாராயின், அந்த வாக்கியத்தை அடித்துவிடும்படி வேண்டுகின்றோம்.

பரடேயின் எஞ்சிய நாட்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். றோயல் சங்கத்தின் தலைமைப் பதவி வந்தபோது வேண்டாமென்றார். சேர் பட்டத்தையும் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கென நத்தார்க் காலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை மட்டும் விடவில்லை. ஒரு மெழுகுதிரியை எரியவிட்டு அதிலிருந்து இரசாயனம் முழுவதையும் விரித்த கடைசி வரிசை 1860 முடிவில் நடந்தது. விக்ரோறியா மகாராணியார் 1858இல் ஹம்ரன் கோட்டு மாளிகையை அடுத்து ஒரு வீடு அளித்தார். அவருக்குப் பிள்ளைகள் இலர். 1821இல் மணந்த சாரா அம்மையார் இறுதிவரை உடனிருந்தார். நினைவு மேலும் மங்கியது. எழுதத் தொடங்கிய கடிதம் எங்கே போகின்றது என்று அவருக்கே தெரியாத நாட்கள் வந்தன.

1867 ஓகத்து 25ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேற்று மயானத்திலே எளிய முறையில் அடக்கம் செய்தனர். கல்லிலே பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மாத்திரம் பொறிக்கப்பட்டன. அவர் 1856இல் ஆக்கிய பொன்னீர்க் குப்பிகள் சில இலண்டனில், அவர் பணிசெய்த அதே கட்டடத்திலே இன்றும் உள்ளன. மாணிக்கச் சிவப்பு இன்னும் மாறவில்லை.